மலைக்கிராமங்களில் மாற்றுத்திறன் குழந்தைகளின் முன்பருவக் கல்வி

மாற்றுத்திறன் உள்ள சிறு குழந்தைகள் தம் ஊரிலுள்ள பிற குழந்தைகளோடு ஒரே இடத்தில் விளையாடி, உண்டு, கற்பதற்கு வழிசெய்யும் முறை உள்ளடக்கிய முன்பருவக் கல்வி எனப்படுகிறது. பிறந்தது முதல் ஆறு வயது வரையிலான பருவம் இதன் எல்லை. தமிழ்நாட்டில் இந்த வயதுக் குழந்தைகளுக்காக ஊர்தோறும் இயங்கும் அமைப்பு அங்கன்வாடி மையமே. ஆகவே இக்கல்வியின் வெற்றியும் தோல்வியும் பெரும்பாலும் அங்கன்வாடியின் வாசலிலேயே தீர்மானிக்கப்படுகின்றன.

இக்கட்டுரை சேலம் மாவட்டத்தின் சேர்வராயன் மலையில் உள்ள ஏற்காட்டையும், கரடியூர் போன்ற சுற்றுவட்டக் கிராமங்களையும் கருத்தில் கொண்டு இப்பொருளை விளக்குகிறது. சமவெளியில் ஒரு குழந்தையின் குறைபாடு மட்டுமே தடையாக இருக்கலாம். மலையில் அதனோடு தூரமும் சேர்ந்துகொள்கிறது. குழந்தையை மலையிறக்கி உதவியிடம் கொண்டுபோவதா, உதவியை மலையேற்றிக் குழந்தையிடம் கொண்டுவருவதா என்பதே இங்கு அடிப்படைக் கேள்வி.

மூன்று அணுகுமுறைகள்

மாற்றுத்திறன் குழந்தைகளின் கல்வியில் மூன்று அணுகுமுறைகள் உள்ளன.

முதலாவது தனிக்கல்வி. பார்வை, கேட்புத்திறன், அறிவு வளர்ச்சி ஆகியவற்றில் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கெனத் தனித்தனிப் பள்ளிகள் நடத்துவது இம்முறை. பயிற்சி பெற்ற ஆசிரியர்களும் கருவிகளும் ஒரே இடத்தில் கிடைப்பது இதன் நன்மை. வீட்டையும் ஊரையும் விட்டு நெடுந்தொலைவு செல்ல வேண்டியிருப்பது இதன் குறை.

இரண்டாவது ஒருங்கிணைத்தல். இதில் குழந்தை பொது வகுப்பில் அமர்கிறது. ஆனால் வகுப்பு மாறுவதில்லை. நடக்க முடியாத குழந்தை மூலையில் உட்கார்ந்து மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தால், அது ஒருங்கிணைத்தல் மட்டுமே.

மூன்றாவது உள்ளடக்கம். இங்கு குழந்தைக்கேற்ப வகுப்பு தன்னை மாற்றிக்கொள்கிறது. நின்று ஆடும் ஆட்டம் உட்கார்ந்து ஆடும் ஆட்டமாகிறது. கதை சொல்லும்போது படமும் சைகையும் சேர்கின்றன. மாற்றுத்திறன் உள்ளவர்களும் இல்லாதவர்களும் சேர்ந்து கற்பதோடு, கற்பிக்கும் முறையும் அதற்கேற்பத் தகவமைக்கப்பட வேண்டும் என்பதே இந்தியச் சட்டம் உள்ளடக்கிய கல்விக்குத் தரும் வரையறை.

முதல் ஆறு ஆண்டுகளின் முக்கியத்துவம்

மூளையின் வளர்ச்சி மிக விரைவாக நடப்பது முதல் சில ஆண்டுகளில்தான். இந்தக் காலத்தில் கிடைக்கும் பயிற்சிக்கும், பின்னர் கிடைக்கும் அதே பயிற்சிக்கும் பலனில் பெரிய வேறுபாடு உண்டு.

கேட்புத்திறன் குறைபாடு இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. காது கேளாத குழந்தைக்குப் பேசும் உறுப்புகளில் பெரும்பாலும் குறை இருப்பதில்லை. மொழி உள்ளே செல்லாததால்தான் பேச்சு வெளிவருவதில்லை. முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் காது கேட்கும் கருவியும் பயிற்சியும் கிடைத்தாலோ, வீட்டில் சைகை மொழி புழங்கினாலோ குழந்தையின் மொழி வளர்ச்சி தடைபடாது. காலம் தாழ்ந்தால் பேச்சோடு சிந்தனையும் படிப்பும் நட்பும் பின்தங்குகின்றன. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காக்ளியர் உட்பொருத்து அறுவைச் சிகிச்சையைத் தமிழ்நாடு அரசு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்த்திருப்பதும், அதற்கு வயது வரம்பு வைத்திருப்பதும் இக்காரணத்தால்தான்.

பாதம் உள்நோக்கி வளைந்து பிறக்கும் குழந்தைக்குப் பிறந்த சில வாரங்களிலேயே வாரந்தோறும் மாவுக்கட்டு மாற்றிப் போட்டுக் காலை நேராக்கலாம். கட்டு அகன்ற பின் சில ஆண்டுகள் சிறப்புக் காலணி அணிய வேண்டும். இதைத் தவறவிட்டால் பிற்காலத்தில் பெரிய அறுவைச் சிகிச்சை தேவைப்படலாம். பெருமூளை வாதம் உள்ள குழந்தைக்குச் சரியான நிலையில் உட்காரவும் நிற்கவும் பயிற்சி தராவிட்டால் தசைகள் இறுகி மூட்டுகள் மடங்கிப்போகின்றன. பிறவிக் கண்புரையை முதல் மாதங்களில் அகற்றாவிட்டால், பின்னர் கண் தெளிவானாலும் மூளை பார்க்கக் கற்றிருக்காது.

2021-ல் யுனிசெஃப் வெளியிட்ட அறிக்கையின்படி உலகில் சுமார் 24 கோடிக் குழந்தைகள் ஏதேனும் ஒரு மாற்றுத்திறனோடு வாழ்கிறார்கள். பிற குழந்தைகளோடு ஒப்பிட்டால், சிறுவயதில் பேச்சு, விளையாட்டு போன்ற தூண்டுதலும் அரவணைப்பும் இவர்களுக்குக் கிடைக்கும் வாய்ப்பு 24 விழுக்காடு குறைவு. ஒருபோதும் பள்ளிக்கே செல்லாதிருக்கும் வாய்ப்பு 49 விழுக்காடு அதிகம். இந்தியாவில் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஆறு வயதுவரையுள்ள மாற்றுத்திறன் குழந்தைகளின் எண்ணிக்கை சுமார் 20 லட்சம்.

சட்டம் சொல்வதும் சொல்லாததும்

1994-ல் ஸ்பெயின் நாட்டின் சலமாங்கா நகரில் கூடிய உலக மாநாடு, எல்லாக் குழந்தைகளையும் பொதுப் பள்ளிகளே ஏற்க வேண்டும் என்று அறிவித்தது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை 2006-ல் நிறைவேறியது. இந்தியா 2007-ல் அதற்கு ஒப்புதல் அளித்தது. அதன் தொடர்ச்சியாக வந்ததே மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016. 1995-ஆம் ஆண்டுச் சட்டம் 7 வகைக் குறைபாடுகளை ஏற்றிருந்தது. புதிய சட்டம் அதை 21 ஆக உயர்த்தியது. புறவுலகச் சிந்தனையற்ற நிலை எனப்படும் ஆட்டிசமும், கற்றல் குறைபாடும் இப்பட்டியலில் இடம்பெற்றன.

எனினும் இச்சட்டம் இலவசக் கல்வியை உரிமையாக உறுதிசெய்வது 6 முதல் 18 வயது வரையிலான குழந்தைகளுக்கே. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009 பொதுவாக 6 முதல் 14 வயது வரையிலானவர்களுக்கு உரியது. ஆறு வயதுக்குட்பட்டோரின் கல்வி, அரசியலமைப்பின் 45-ஆவது பிரிவில் அரசு முயன்று நிறைவேற்ற வேண்டிய நெறியாக மட்டுமே நிற்கிறது. பயிற்சியின் பலன் மிகுதியாக உள்ள வயதில்தான் சட்டத்தின் பிடி தளர்வாக உள்ளது.

ஆயினும் 2016 சட்டத்தில் ஒரு முக்கியமான கடமை கூறப்பட்டுள்ளது. எல்லாக் குழந்தைகளையும் ஆண்டுக்கு ஒருமுறையாவது பரிசோதித்து, பாதிப்புக்கு வாய்ப்புள்ளவர்களைக் கண்டறிய அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பதே அது. சிறு குழந்தைகளுக்கான பணிகள் பெரும்பாலும் இந்தக் கண்டறிதலில் இருந்தே தொடங்குகின்றன.

அங்கன்வாடியும் பரிசோதனைக் குழுவும்

ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சிப் பணிகள் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கப்பட்டது. இன்று தமிழ்நாட்டில் 54,000-க்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் உள்ளன. சமவெளியில் 400 முதல் 800 பேருக்கு ஒரு மையம் என்பது அளவு. மலைப்பகுதிகளிலும் பழங்குடிப் பகுதிகளிலும் 300 பேர் இருந்தாலே ஒரு மையமும், 150 பேர் இருந்தால் ஒரு குறுமையமும் அமைக்கலாம். வீடுகள் சிதறிக் கிடக்கும் மலையூர்களுக்காகச் செய்யப்பட்ட இந்தத் தளர்வு மாற்றுத்திறன் குழந்தைக்கு மிகவும் பயன்படக்கூடியது.

தமிழ்நாட்டு அங்கன்வாடிகளில் 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா' என்ற பாடத்திட்டம் பின்பற்றப்படுகிறது. பாட்டு, கதை, விளையாட்டு வழியே கற்பதால், எழுத்தை மையமாகக் கொண்ட வகுப்பைவிட இது மாற்றுத்திறன் குழந்தைக்கு இணக்கமானது.

கண்டறியும் பணிக்காக 2013-ல் ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்திய காரியக்ரம் என்னும் தேசியக் குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டம் தொடங்கப்பட்டது. மருத்துவர்கள், செவிலியர், மருந்தாளுநர் கொண்ட நடமாடும் குழு ஒவ்வோர் அங்கன்வாடிக்கும் ஆண்டுக்கு இருமுறை வர வேண்டும். பிறவிக் குறைபாடு, சத்துக்குறைவு, நோய், வளர்ச்சித் தாமதம் ஆகிய நான்கு வகைகளில் குழந்தைகளைப் பரிசோதித்து, தேவைப்படுவோரை மாவட்ட அளவிலான ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்குப் பரிந்துரைப்பது இக்குழுவின் வேலை.

2023 நவம்பரில் மத்திய பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான அங்கன்வாடி நெறிமுறையை வெளியிட்டது. குறைபாட்டின் தொடக்க அறிகுறிகளைக் கண்டறிதல், குழந்தையை மைய நிகழ்ச்சிகளில் சேர்த்துக் குடும்பத்துக்குத் துணைநிற்றல், மருத்துவ உதவிக்குப் பரிந்துரைத்தல் என மூன்று படிகளை அது வகுக்கிறது. அங்கன்வாடிப் பணியாளரின் வேலைப் பட்டியலில் மாற்றுத்திறன் குழந்தைக்குத் தெளிவான இடம் கொடுத்தது இந்நெறிமுறையின் சிறப்பு.

ஏற்காட்டு நிலை

ஏற்காடு கடல்மட்டத்துக்குச் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. சேலத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். வழியில் 20 கொண்டை ஊசி வளைவுகள். காப்பியும் மிளகும் இம்மலையின் முக்கியப் பயிர்கள். இங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினர் தமிழ் பேசுபவர்கள். கேரள மலையாளிகளுக்கும் இவர்களுக்கும் பெயரில் மட்டுமே ஒற்றுமை. இதே மக்கள் கல்வராயன், கொல்லி, பச்சைமலை, சவ்வாது மலைகளிலும் வாழ்கிறார்கள்.

மலையூர் ஒன்றில் வளர்ச்சித் தாமதம் உள்ள குழந்தையைச் சேலத்துக்கு அழைத்துச் செல்வது ஒரு முழுநாள் வேலை. பெரும்பாலும் தாயே செல்ல வேண்டும். அவருக்கு அன்றைய தோட்டக் கூலி போகும். மற்றப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். நடக்காத குழந்தையை இடுப்பில் சுமந்து பேருந்து நிற்கும் இடம்வரை இறங்க வேண்டும். இயன்முறைப் பயிற்சியோ வாரத்துக்குச் சில நாட்களாவது, பல மாதங்களுக்குத் தொடர வேண்டியது. காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில் எத்தனை வாரம் இப்படிச் செல்ல முடியும்? பரிந்துரைச் சீட்டு கையில் இருந்தும் பயிற்சி பாதியில் நிற்பதற்குப் பெற்றோரின் அக்கறையின்மையைக் காரணம் காட்டுவது எளிது. பயணக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் உண்மைக் காரணம் தெரியும்.

உதவி வீடு தேடிச் சென்ற முன்மாதிரிகள்

இந்தச் சிக்கலுக்கு வெளிநாட்டில் கிடைத்த பழைய விடைகளுள் ஒன்று அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் உள்ள போர்ட்டேஜ் என்ற ஊரிலிருந்து வந்தது. அங்கும் குடும்பங்கள் பரந்த நாட்டுப்புறத்தில் சிதறி வாழ்ந்தன. அதனால் 1969-ல் தொடங்கிய திட்டத்தில் குழந்தைகளை மையத்துக்கு வரவழைக்காமல், பயிற்சியாளர் வாரம் ஒருமுறை வீட்டுக்குச் சென்றார். பழகுதல், மொழி, தன் வேலையைத் தானே செய்தல், அறிவு, உடலியக்கம் ஆகிய துறைகளில் அந்த வாரத்துக்குரிய சிறு இலக்குகளைத் தாய்க்குச் செய்துகாட்டினார். எஞ்சிய நாட்களில் பெற்றோரே ஆசிரியர். இம்முறை பின்னர் பல நாடுகளுக்குப் பரவியது.

தமிழ்நாட்டிலும் நீண்ட அனுபவம் உண்டு. சென்னையில் 1969-ல் தொடங்கிய பால வித்யாலயா, காது கேளாத குழந்தைகளைக் கைக்குழந்தைப் பருவத்திலேயே சேர்த்துப் பயிற்சி தந்து, பள்ளி வயதில் பொதுப் பள்ளிகளுக்கு அனுப்பி வருகிறது. அங்கு தாயோ தந்தையோ உடனிருந்து கற்றுக்கொள்வது பயிற்சியின் பகுதி. 1985-ல் சென்னையில் பூனம் நடராஜன் தொடங்கிய வித்யாசாகர், பெருமூளை வாதம் உள்ள குழந்தைகளுக்காகப் பணியாற்றுகிறது. பேச முடியாத குழந்தை படங்களைச் சுட்டிக்காட்டித் தன் விருப்பத்தைச் சொல்ல உதவும் தொடர்புப் பலகைகள் போன்ற மாற்றுவழித் தொடர்பு முறைகளைப் பரப்பியதில் அதற்குப் பெரும்பங்கு உண்டு.

மலையூர்களுக்கு மிக நெருக்கமான பாடம் தென்காசி அருகே ஆய்க்குடியில் கிடைக்கிறது. கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். இராமகிருஷ்ணன் 1981-ல் அங்கு அமர் சேவா சங்கத்தை நிறுவினார். அவருக்கு 2020-ல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. இந்த அமைப்பின் கிராமப் பணியாளர்கள் வீடுதேடிச் சென்று சிறு குழந்தைகளுக்குப் பயிற்சி தருகிறார்கள். குழந்தையின் முன்னேற்றத்தைக் கைப்பேசிச் செயலியில் பதிகிறார்கள். தொலைவில் உள்ள இயன்முறை மருத்துவர், பேச்சுப் பயிற்சியாளர் போன்ற வல்லுநர்கள் அதைப் பார்த்து அடுத்த பயிற்சியை வகுக்கிறார்கள். வல்லுநர்கள் குறைவாக உள்ள இடத்தில் அவர்களின் அறிவைப் பல ஊர்களுக்குப் பகிர்ந்தளிக்கும் வழி இது.

ஏற்காட்டில் இதற்கான கைகள் இல்லாமல் இல்லை. அங்கன்வாடிப் பணியாளர், உதவியாளர், கிராம சுகாதாரச் செவிலியர் ஆகியோரோடு, தமிழ்நாட்டில் மலை மற்றும் பழங்குடிப் பகுதிகளில் நியமிக்கப்படும் ஆஷா பணியாளர்களும் உண்டு. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின்கீழ் ஒன்றிய அளவில் சிறப்புப் பயிற்றுநர்கள் உள்ளனர். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சை வீட்டுக்கே வருகிறது. இவர்கள் ஒவ்வொருவரும் வெவ்வேறு துறையைச் சேர்ந்தவர்கள். ஒரே குழந்தையைப் பற்றி இவர்கள் ஒன்றாகப் பேசும் ஏற்பாடுதான் தேவை.

மையத்தில் செய்யக்கூடிய மாற்றங்கள்

உள்ளடக்கம் என்றால் விலையுயர்ந்த கருவிகள் வேண்டும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. பல மாற்றங்கள் செலவின்றியே முடியும்.

• உட்காரும் நிலை: பெருமூளை வாதம் உள்ள குழந்தையை அறையின் மூலையில் சுவர் சாய்மானத்தில், இருபுறமும் துணிச்சுருள் வைத்து அமர்த்தினால் கைகள் விளையாட விடுபடும். அவ்விடம் மற்றக் குழந்தைகள் கூடி விளையாடும் வட்டத்துக்குள் இருக்க வேண்டும்.

• நடை: இரண்டு மூங்கில்களை இணையாகக் கட்டினால் பிடித்து நடக்கும் கம்பிகள் ஆகிவிடும்.

• உணவு: விழுங்கச் சிரமப்படும் குழந்தையைப் படுக்கவைத்து ஊட்டக்கூடாது. நிமிர்ந்து உட்காரவைத்து, மசித்த உணவைச் சிறிது சிறிதாகத் தர வேண்டும். புரை ஏறினால் உடனே நிறுத்த வேண்டும்.

• பார்வை: குறைபார்வை உள்ள குழந்தைக்கு வெளிச்சம் முகத்தில் அடிக்காமல் பின்னாலிருந்து விழட்டும். கறுப்புத் துணிமேல் வெள்ளைப் பொருட்களை வைத்தால் எளிதில் தெரியும். பொருட்களின் இடத்தை அடிக்கடி மாற்றக்கூடாது.

• கேட்டல்: பேசுபவரின் முகம் குழந்தைக்குத் தெரிய வேண்டும். பாட்டுக்குக் கையசைவைச் சேர்த்தால் எல்லாக் குழந்தைகளும் அதை விரும்பிக் கற்பார்கள்.

• ஆட்டிசம்: அன்றாட வேலைகளின் வரிசையைப் படங்களாகச் சுவரில் ஒட்டினால் அடுத்து என்ன என்ற பதற்றம் குறையும். இரைச்சல் தாங்காதபோது ஒதுங்கி அமர ஓர் அமைதியான மூலை வேண்டும்.

• விளையாட்டுப் பொருள்: பலாக்கொட்டை, மூங்கில் துண்டு, பலவகை இலைகள் ஆகியவற்றைக் கொண்டு பிரித்தறியும் ஆட்டங்கள் ஆடலாம். பொருட்களை வாயில் போடும் பழக்கமுள்ள குழந்தைகளிடம் காப்பிக்கொட்டை போன்ற சிறு விதைகளைத் தரக்கூடாது.

• வாசல்: ஓர் அடி உயரப் படிக்குப் பன்னிரண்டு அடி நீளச் சரிவு என்பது சாய்தளத்தின் பொது அளவு. கழிப்பறைக்கும் இது பொருந்தும்.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

குழந்தைகளின் வளர்ச்சி ஒரே வேகத்தில் இருப்பதில்லை. ஆனால் கீழ்க்காணும் நிலைகளில் காத்திருக்காமல் பரிசோதனை செய்ய வேண்டும்.

• 5 மாதம் ஆகியும் தலை நிற்காதது
• 6 மாதம் ஆகியும் ஒலி வரும் பக்கம் திரும்பாதது, முகம் பார்த்துச் சிரிக்காதது
• 9 மாதம் ஆகியும் பிடிமானமின்றி உட்காராதது
• 18 மாதம் ஆகியும் நடக்காதது, விரும்பிய பொருளைச் சுட்டிக்காட்டாதது
• 2 வயதாகியும் இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசாதது
• எந்த வயதிலும், கற்ற பேச்சையோ செயலையோ இழப்பது

"இவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினாரு" என்ற ஆறுதல் வீடுகளில் அடிக்கடி கேட்கப்படுவது. அது உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் பரிசோதனையால் இழப்பு ஏதுமில்லை. காத்திருந்தால் திரும்பக் கிடைக்காத மாதங்கள் போய்விடும்.

சான்றிதழும் சேர்க்கையும்

அங்கன்வாடியில் சேர மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் தேவையில்லை. ஊரிலுள்ள குழந்தை என்பதே போதிய தகுதி. இதைப் பெற்றோரும் பணியாளர்களும் தெரிந்திருக்க வேண்டும். அதேவேளை உதவித்தொகைக்கும் கருவிகளுக்கும் சான்றிதழும் தனித்துவ அடையாள அட்டையும் தேவை. கடுமையான பாதிப்பு, அறிவுசார் குறைபாடு, தசைச்சிதைவு போன்றவற்றுக்கான பராமரிப்பு உதவித்தொகையைத் தமிழ்நாடு அரசு 2023 சனவரி முதல் மாதம் 2,000 ரூபாயாக உயர்த்தியது. ஒன்றிய அளவில் நடக்கும் மருத்துவ மதிப்பீட்டு முகாம்கள் சான்றிதழ் பெற ஏற்ற இடம். முகாம் நாளை முன்கூட்டியே ஊர்களுக்கு அறிவிப்பதும் வாகன ஏற்பாடு செய்வதும் மலைப்பகுதியில் முகாமின் பாதி வேலை.

பிற குழந்தைகளுக்கும் ஊருக்கும் கிடைப்பது

மாற்றுத்திறன் குழந்தையைச் சேர்த்தால் மற்றவர்களின் படிப்பு பாதிக்கும் என்ற அச்சம் சில பெற்றோரிடம் உண்டு. படம், சைகை, தொட்டுணரும் பொருள், சிறு குழு விளையாட்டு என மாற்றுத்திறன் குழந்தைக்காகச் செய்யப்படும் மாற்றங்கள் எந்தச் சிறு குழந்தைக்கும் நல்ல கற்பித்தல் முறைகளே. மூன்று வயதுக் குழந்தைக்கு வேற்றுமை ஒரு செய்தி மட்டுமே. அதைக் குறையாகப் பார்க்கப் பெரியவர்களே கற்றுத்தருகிறார்கள். மூன்று வயதில் ஒன்றாக உண்டவர்கள் ஆறு வயதில் ஒரே பள்ளிக்குப் போகும்போது அறிமுகம் புதிதாகத் தேவைப்படுவதில்லை.

தாய்க்கும் இதில் நேரடிப் பயன் உண்டு. குழந்தை காலை முதல் மாலை வரை மையத்தில் இருந்தால் அவர் வேலைக்குச் செல்லலாம். பிற தாய்மாரைச் சந்திக்கலாம். பாவம், சாபம் என்று பேசும் வாய்கள் அடங்குவதற்கும், அந்தக் குழந்தை நாள்தோறும் எல்லோர் கண்முன்னும் வந்துபோவதைவிட வலுவான வழி இல்லை.

ஓர் ஊரின் அங்கன்வாடி மாற்றுத்திறன் குழந்தைகளை ஏற்கிறதா என்பதை அறிய, பதிவேட்டில் உள்ள பெயர்களோடு ஊரில் பிறந்த குழந்தைகளின் பட்டியலை ஒப்பிட்டுப் பார்த்தால் போதும். பட்டியலில் இருந்து பதிவேட்டில் இல்லாத பெயர் ஏதேனும் இருந்தால், பணியாளரும் செவிலியரும் அடுத்துச் செல்ல வேண்டிய வீடு அதுவே.